இந்த வீட்டில் முடிவெடுப்பவர்

அறுபது வயதைத் தாண்டியவர்கள் பல் விளக்குவதில்லை, சோப்புப் போட்டுக் குளிப்பதில்லை, காலில் செருப்பு மாட்டுவதில்லை என்றுதான் இந்தக் கம்பெனிக்காரர்கள் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. எங்களுக்கென்று அவர்கள் விற்க நினைத்ததெல்லாம் முட்டிக்குத் தைலம், மலச்சிக்கலுக்குப் பொடி, காசி ராமேஸ்வரத்துக்கு பஸ் டிக்கெட். மற்றபடி, பிள்ளைகள் வாங்கிப் போடுவதை வாயை மூடிக்கொண்டு தின்கிற ஜென்மங்கள் நாங்கள் என்று எண்ணம்.

இது எனக்கு ஆக்னஸ் சொல்லித் தெரியும். ஆக்னஸ் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்காரி. எங்கள் குடும்பத்தைப் போலவே ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து ஹைதராபாத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். மார்க்கெட் ஆராய்ச்சி செய்கிற கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். புதுசாக ஷாம்பு வந்தாலும் சரி, மசாலா வந்தாலும் சரி, ஏழெட்டுப் பெண்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து இது எப்படி, அது எப்படி என்று கேட்பார்கள். அந்தப் பெண்களைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் ஆக்னஸ். முன்பெல்லாம் என்னையும் கூட்டிப்போவாள். நாம் பேசப் பேச ஒரு படித்த பெண் தலையாட்டிக் கேட்பாள், முந்திரி பிஸ்கட் தருவார்கள், கிளம்பும்போது ஒரு ஹாட்பாக்ஸைக் கையில் கொடுப்பார்கள். எனக்கு நாற்பத்தைந்து முடிந்ததும், இதற்கு மேல் உங்களைக் கேட்க மாட்டார்கள் அக்கா என்று சொல்லி விட்டுவிட்டாள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அப்புறம் 2007இல் ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். ஐ.டி. கம்பெனிகள் வந்ததிலிருந்து ஊரில் பாதிப் பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள், மீதிப் பிள்ளைகள் மாதாப்பூர் பக்கம் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். லோத்குண்டாவிலும் சைனிக்புரியிலும் எந்த வீட்டைத் தட்டினாலும் இரண்டு கிழங்கள்தான் மிச்சம். அந்தக் கிழங்கள் கையில் பென்ஷன் இருக்கிறது, பிள்ளை அனுப்புகிற டாலரும் இருக்கிறது என்று எந்தப் புத்திசாலிக்கோ திடீரென்று உறைத்திருக்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் வேண்டுமாம், நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்றாள். இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவேனா? நக்கோ, வேண்டாம் என்று சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாள், மறுபடியும் நக்கோ. மூன்றாவது தடவை அவள் கேட்பதற்குள் எந்தப் புடவை என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டு நிலவரம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். லோத்குண்டாவில் சொந்த வீடு. மகன் கிரி நியூஜெர்சியில். வீட்டில் நானும் என் வீட்டுக்காரர் வேணுகோபாலும் மட்டும். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளை மேய்த்து, ஏழு வருஷத்துக்கு முன்னால் ரிட்டையர் ஆனவர். அவர் வேலையில் இருந்தவரைக்கும் கடை கண்ணியெல்லாம் என் ராஜ்ஜியம். காய்கறிக்காரியிலிருந்து துணிக்கடை சேட்டு வரைக்கும் என்னைக் கண்டால் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றுதான் பேசுவார்கள். ரிட்டையரான மறுநாள் காலையில் மனுஷர் குளித்து, சட்டை மாட்டி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உச்சி வெயிலுக்குத்தான் திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே. நான் போகிறேன் என்றால், வெயிலில் நீ எதற்கு என்பார். அந்த 'நீ எதற்கு' என்கிற வார்த்தையிலேயே நான் வீட்டோடு அடைந்துபோனேன். வெளியே போவது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் என்றாகிவிட்டது.

அவர் வாங்கிக்கொண்டு வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. கத்தரிக்காயை எடுத்துப் பார்ப்பேன், வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்புவேன், ஓரமாக வைப்பேன். அவ்வளவுதான். பருப்பு என்றால் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி ஊதிப் பார்ப்பேன். இதைக்கூடப் பார்க்கக் கூடாதென்றால் எனக்கு இந்த வீட்டில் என்னதான் வேலை? என் ராஜ்ஜியத்தைப் பிடுங்கிக்கொண்டார் என்கிற ஆத்திரம் மட்டும் உள்ளே புகைந்துகொண்டே இருந்தது. அதை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் ஒரே ஆசை.

கூட்டம் சைனிக்புரியில் ஒரு ஹாலில் நடந்தது. கேள்வி கேட்க வந்த பெண் பேர் சுபாஸ்ரீ. கரூர்ப் பெண், எம்.பி.ஏ. படித்துவிட்டு பேகம்பேட்டில் வேலை. எங்களுக்கு அவர்கள் 'சில்வர்' என்று பேர் வைத்திருக்கிறார்களாம். இத்தனை வருஷம் ஈயச் சொம்பாகக் கிடந்தவளுக்கு வெள்ளிப் பட்டம் கிடைத்தது. முந்திரி பிஸ்கட்டைக் காணோம். எங்கள் வயசுக்கு ஓட்ஸ் பிஸ்கட்தான் என்று அவர்களாகவே தீர்மானித்திருந்தார்கள்.

சுபாஸ்ரீ கேட்ட முதல் கேள்வி, உங்கள் வீட்டில் எதை வாங்குவது என்று முடிவெடுப்பவர் யார் என்பது. என் பக்கத்தில் இருந்த ராணுவ அதிகாரி மனைவி, என் மருமகள் என்றாள். அடுத்தவள் மகன் என்றாள். இன்னொருத்தி, எல்லாம் அவர்தான் என்று சொல்லி வெட்கப்பட வேறு செய்தாள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேரையும் பெற்று வளர்த்து ஆளாக்கிவிட்டு, ஒரு சோப்புக் கட்டிக்குக்கூட அதிகாரமில்லாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று தோன்றியது. என் முறை வந்தது.

"நான்தான். எங்க வீட்ல ஊசி வாங்கணும்னாலும் நான்தான் போய், நான்தான் பாத்து, நான்தான் வாங்குவேன்" என்றேன்.

சுபாஸ்ரீயின் முகம் மலர்ந்துபோயிற்று. அவளுக்கு அன்றைக்கு அகப்பட்டவள் நான் ஒருத்திதான். கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் தொடர்ந்து கேட்கப் போகிறார்களாம், அதற்கு முன்னால் ஒரு நாள் என்னோடு கடைக்கு வருவாளாம். கூடவே நடப்பாள், எதையும் சொல்ல மாட்டாள், நான் எதை எடுக்கிறேன், எதைத் திருப்பி வைக்கிறேன் என்று பார்ப்பாள். புதன்கிழமை வரலாமா ஆன்ட்டி என்று கேட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தாராளமாக வாம்மா என்றேன்.

வெளியே வந்ததும் ஆக்னஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர்தான் கடைக்குப் போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். பொய் என்று தெரிந்தால் உங்களோடு சேர்த்து என் பேரும் போகும் அக்கா என்று புலம்பினாள். ஏழு வருஷமாகக் கடைத்தெருவில் கால் வைக்காத நீங்கள் எந்தத் தைரியத்தில் சொன்னீர்கள் என்றாள். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை. தோள் மட்டும் குலுங்கும். அதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

"ஏன், நான் முடிவெடுக்கறவ மாதிரி இல்லையா?" என்றேன்.

"அதை அந்தப் பொண்ணு பாத்து சொல்லட்டும். அவங்க உன்னைத்தான்னு ஒத்துக்கிட்டா அன்னியிலிருந்து கடை கண்ணி எல்லாம் உன்னோடது வசந்தா. நான் குறுக்கே வர மாட்டேன்."

இதைத்தானே நான் ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சரி என்று அப்போதே சொல்லிவிட்டேன். எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன், ஒரு நடை வந்து பார்த்துக்கொள் என்று கூப்பிட்டார். நக்கோ என்றேன். பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குக் கடை காட்டுவாராம். அதோடு நிறுத்தவில்லை. இவர் போய்க் கடைக்காரர்களிடம் எதையாவது சொல்லிவைத்து எனக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று மானத்தை வாங்கிவிடுவார் என்று, புதன்கிழமை முடியும்வரை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று கண்டிஷன் போட்டேன். தள்ளுவண்டிக்காரனிடம் காய் வாங்கிக்கொண்டேன். மனுஷர் காலையில் வழக்கம்போல் சட்டையை மாட்டுவதும், ஹாலில் ஜன்னலுக்கும் டிவிக்கும் நடப்பதும், பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் போடுவதுமாக இருந்தார்.

புதன்கிழமை சுபாஸ்ரீ வந்தாள். கையில் ஒரு சின்ன ரெக்கார்டர். நான் முன்னால், அவள் பின்னால். எப்போதும் மளிகை வாங்குகிற கிரானா கடையைப் பாரு என்று கம்பீரமாக நடந்து, பழைய ஞாபகத்தில் ஒரு படியேறி உள்ளே நுழைந்தால், வரிசையாகப் பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் 'குட் மார்னிங், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கால் சென்டர் வேலைக்குப் பயிற்சியாம். திருதிருவென்று முழித்தேன். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன், தெரிந்த பையன் ஒருத்தன் படிக்கிறான் என்று சமாளித்தேன். மாவு மில் இருந்த இடத்தில் செல்போன் கடை. துணிக்கடை இருந்த இடத்தில் அமெரிக்க விசா வாங்கித் தருகிறவன்.  எதுவும் சொல்லக் கூடாது என்பதுதான் சுபாஸ்ரீயின் வேலை என்றாலும், ரெக்கார்டரை அவள் அணைத்து அணைத்துப் போட்டதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆக்னஸ் முகம் கண்முன்னால் வந்து நின்றது.

நல்ல வேளையாகக் காய்கறிக் கடைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கண்ணில் பட்ட முதல் கடையில் நின்று ஒரு கத்தரிக்காயை எடுத்தேன், வெளிச்சத்தில் திருப்பினேன், ஓரமாக வைத்தேன். காய்கறிக்காரி எடை போடுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள். பிறகு தெலுங்கில், நீங்கள் வேணு சார் வீட்டம்மாவா என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவரும் தினம் இப்படித்தான் எடுத்து, இப்படித்தான் வெளிச்சத்தில் பிடித்து, இதற்கு எங்கள் வீட்டம்மா முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டு நிற்பாராம். நான் ஓரமாக வைத்துவிட்டால் போச்சு, அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து மாற்றிப் போவாராம். நான் ஓரம் கட்டியதெல்லாம் வேலைக்காரிக்குப் போகிறது என்றல்லவா நினைத்திருந்தேன். பையின் அடியில் இன்னும் நாலு இருந்தது பார் என்று அவர் எடுத்துக் கொடுத்த பிஞ்சுக் கத்தரிக்காயெல்லாம் இரண்டாம் நடை போய் வாங்கி வந்தது என்று அந்தக் காய்கறிக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வேணு சார் வீட்டம்மா ஒத்துக்கொண்டால் ஊரே ஒத்துக்கொள்ளும் என்று சொல்லி, தட்டுக்கு அடியிலிருந்து தனியாக ஒரு கூறு எடுத்து வைத்தாள். அப்பழுக்கு இல்லை. சுபாஸ்ரீ இப்போது ரெக்கார்டரை அணைக்கவே இல்லை.

கிரானா கடையை அந்தக் காய்கறிக்காரியே கைகாட்டி, வேணு சார் வீட்டம்மா வருகிறார் என்று குரலும் கொடுத்தாள். உள்ளே போனோமோ இல்லையோ, கடைக்காரச் சேட்டு எழுந்து நின்றுவிட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது, அது வேணு சாப் ஸ்டூலாம், அதில் என்னை உட்காரச் சொன்னார். நான் பருப்பை எடுத்து உள்ளங்கையில் கொட்டி ஊதினேன். கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பரவாயில்லை என்கிற மாதிரி தலையாட்டியதும்தான் சேட்டு உட்கார்ந்தார். புதுசாக எந்தக் கம்பெனிப் பருப்பு, எந்தக் கம்பெனி எண்ணெய் வந்தாலும், முதல் பாக்கெட்டை வேணு சாப் கையில் கொடுத்தனுப்புவாராம். திரும்பி வரவில்லை என்றால்தான் மூட்டைக்கு ஆர்டர் கொடுப்பாராம். விற்க வந்தவர்கள் பேசுகிற பேச்சையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லையாம்.

"ஆன்ட்டி, நான் இதுவரைக்கும் ஒரு வீட்டுக்கு முடிவெடுக்கறவங்களைத்தான் பாத்திருக்கேன். நீங்க இந்தத் தெருவுக்கே முடிவெடுக்கறீங்க" என்றாள் சுபாஸ்ரீ.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பொய் சொல்லி வந்தவளுக்கு, அது பொய்யே இல்லை என்று ஊரே சாட்சி சொல்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே லோத்குண்டாவை ஆண்டிருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை. பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன் என்பது நிச்சயமாகிவிட்டது. தலைகால் புரியாமல் வெளியே வந்தேன்.

சுபாஸ்ரீக்கு நா வறண்டுவிட்டது. ஒரு டீ குடிக்கலாமா என்றாள். எதிரே ஒரு இரானி ஹோட்டல். சேட்டு கடையில் நின்றபடியே ரோட்டைத் தாண்டிக் குரல் கொடுத்தார், வேணு சாப் வீட்டு மேடம் வருகிறார்கள், கவனித்துக்கொள் என்று. நான் அந்த மாதிரி ஹோட்டலுக்குள் போனதே இல்லை. பளிங்கு மேஜை ஈரமாக இருந்தது, நாற்காலி ஒன்று ஆடியது. நான் டீ குடிப்பதில்லை, நீ குடி என்றேன்.

டீ வந்தது. பாதி குடித்ததும் சுபாஸ்ரீ கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். இதுவரை பார்த்ததெல்லாம் உங்களுக்குப் பிடித்தது, பிடிக்காதது. சாருக்கென்று என்ன வாங்குவீர்கள், அவருக்கு என்ன பிடிக்கும் என்றாள்.

"என் காபி. கல்யாணமான நாள்லேருந்து என் கையால ஃபில்டர் காபி. டீயைக் கையால கூடத் தொட மாட்டார்" என்றேன்.

கல்லாவில் இருந்த ஹோட்டல்காரர் எழுந்து எங்கள் மேஜைக்கு வந்தார். என்னைப் பார்த்து சலாம் வைத்தார்.

"வேணு சாப் கைக்கு நை ஆரே? தபியத் டீக் ஹை?" என்றார்.

ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். தினம் காலையில் இங்கேதான் வருவாராம், மூலையில் இருக்கிற அந்த நாற்காலிதான், இரண்டு டீ குடிப்பாராம், கூட ரிட்டையரான கூட்டாளிகள் சிலர். அவர் வராததால் இந்த நாலைந்து நாளாக யாரும் சரியாக உட்காருவதில்லையாம். காபி சாப்பிட மாட்டாரா என்று சுபாஸ்ரீ கேட்டாள். ஹோட்டல்காரர் சிரித்துவிட்டார். காபி என்றாலே சாப் நக்கோ என்பார் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார். சுபாஸ்ரீ ரெக்கார்டரை அணைத்தாள். நல்ல பெண் அது.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. டீ குடித்தார் என்பதற்காகவா? குடித்துவிட்டுப் போகட்டும். தினம் இரண்டு வேளை டம்ளரை நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்பேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பார். ஒரு நாளாவது முகம் மாறியிருக்க வேண்டாமா? வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் தேடினேன். அவருக்குப் பிடித்த காய் எது? நான் சமைப்பதைச் சாப்பிடுவார். பிடித்த கலர்? சட்டைத்துணி எடுப்பது நான். பிடித்த ஊர்? போனதெல்லாம் நான் சொன்ன ஊர். ஒன்று, ஒரே ஒன்றாவது அகப்படாதா என்று வீடு வருகிறவரைக்கும் தேடினேன். அகப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

வீட்டில் அவரிடம் எதையும் சொல்லவில்லை. ஃபோன் செய்வார்கள் என்று மட்டும் சொன்னேன். காபி போட்டுக் கொடுத்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றார். என் டம்ளரை சிங்க்கில் வைத்த சத்தத்தில் தெருநாய் குரைத்தது.

இரண்டு நாள் கழித்து ஆக்னஸ் ஃபோன் செய்தாள். ஆபீஸில் உங்களைப் பற்றித்தான் பேச்சு அக்கா, நூற்றுக்கு நூறு முடிவெடுப்பவர் என்று உங்களை எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று குதித்தாள். ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கும் அது கேட்டது. வாக்கு மாறுகிற மனுஷர் இல்லை.

"சரி வசந்தா. நாளையிலிருந்து நீ போ" என்றார்.

மறுநாள் காலையில் நான் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் குளித்து, சட்டை போட்டு, தலை சீவி, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர்கூட இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏழு வருஷம் காத்திருந்த நாள். செருப்பை மாட்டினேன். எப்போது வருவாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியை இதே வாசலில் நின்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். கேட்டுவிட்டு உள்ளே போய் நாள் முழுக்க என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும். அதை இவருக்குக் கொடுப்பதற்குத்தானா இவ்வளவு பாடுபட்டேன்?

"நீங்களும் வாங்க" என்றேன்.

நான் எதற்கு, கடை உன்னுடையது என்று பேசியாயிற்றே என்றார். கடைக்கு இல்லை, வாருங்கள் என்றால் வாருங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தார். நான் முன்னால் நடந்தேன். காய்கறிக்காரியைத் தாண்டினேன், சேட்டு எழுந்து நின்றதைத் தாண்டினேன், ரோட்டைத் தாண்டினேன். இரானி ஹோட்டல் படியில் கால் வைத்ததும் அவர் நின்றுவிட்டார்.

"இங்க எதுக்கு?" என்றார். அப்படி ஒரு ஹோட்டல் அங்கே இருப்பதே தெரியாது என்கிற மாதிரி போர்டை அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நாலைந்து கிழவர்கள், வேணு சாப் வந்துவிட்டார் என்று ஒரே குரலில் கத்தினார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நேராகப் போய் மூலை நாற்காலியில் அவரை உட்காரவைத்து, எதிரே நான் உட்கார்ந்தேன். கூட்டாளிகள் மரியாதையாக அடுத்த மேஜைக்கு நகர்ந்துகொண்டார்கள்.

சர்வர் வந்து, தோளில் இருந்த துணியால் மேஜையைத் துடைத்துவிட்டு நின்றார்.

"சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன்.

அவர் சர்வரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். தனக்கு என்ன வேண்டும் என்பதற்கு என் முகத்தில் பதில் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் இப்படித்தான் தேடியிருக்கிறார்.  முகத்தை ஒன்றுமில்லாமல் வைத்துக்கொள்ள நானும் என்னால் ஆனமட்டும் பார்த்தேன். முடியவில்லை. சர்வர் துடைத்த துணி அழுக்கு, மேஜையில் அதன் வாடை, பக்கத்து சாசரில் டீ சிந்தியிருந்தது. என் மூக்கு என் பேச்சைக் கேட்கிற மூக்கா?

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். பஸ் ஒன்று போயிற்று. மிலிட்டரி லாரி ஒன்று போயிற்று.  சர்வர் நகர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன், ஆனாலும் திரும்பவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஏக் சாய். மலாய் டால்கே" என்றார். ஒரு டீ, பாலாடை போட்டு. நிறுத்தினார். "வெங்காய சமோசா சூடா இருக்கா? ஒரு ப்ளேட்." மறுபடி நிறுத்தினார். அப்புறம் வந்தது, நான் இந்த ஜென்மத்தில் கேட்டிராத ஒரு குரல், அடுத்த மேஜைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"நக்கோ, நக்கோ. ரெண்டு ப்ளேட் கொண்டா."

இரண்டு ப்ளேட்டும் அவருக்குத்தான் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.